காருக்குள் பூந்துணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரிய பூக்கள் அச்சிட்ட பருத்தித் துணி என்னிடம் பத்து மீட்டர் இருக்கிறது. எங்கள் காரின் சாம்பல் நிற இருக்கைகளுக்கு அதில் உறை தைத்துப் போட விரும்புகிறேன். தையல் நன்றாகவே தெரியும். ஆனால் கார் இருக்கைக்குத் தைத்துப் பழக்கமில்லை. இந்தத் துணி தாங்குமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகத் தைக்கலாம். நாளின் ஒரு பகுதியைக் கழிக்கிற இடம் சாம்பலும் கறுப்புமாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. கதவைத் திறந்ததும் கண்ணுக்கு நல்ல நிறமொன்று எதிர்ப்படுவது எவ்வளவு இதமானது என்பது அப்படியொரு காரில் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உடுத்தும் துணி வேறு, உட்காரும் துணி வேறு. கத்தரியை எடுப்பதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சாயம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, அச்சில் எந்த நிறம் மிக அடர்த்தியாக இருக்கிறதோ அதன்மேல் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், வியர்த்த முதுகோடு சாய்கிறவர்களின் வெளிர்நிறச் சட்டையிலும் நிச்சயம் ஏறும். அவுரி நீலத்திலும் அடர்சிவப்பிலும் இந்தக் குறையை நான் அடிக்கடி காண்கிறேன். நாலைந்து முறை அலசிய பிறகும் சாயம் விடுகிற துணியைத் திரைக்கோ பைக்கோ வைத்துக்கொண்டு, இருக்கைக்கு வேறு துணி பார்ப்பதே நல்லது.

அடுத்தது வெயில். துணியின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, அதில் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, காரின் பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு மாதம் வைத்துவிடுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தால், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வேறுபாடே இந்தத் துணியின் எதிர்காலத்தைச் சொல்லிவிடும். துணி ஆலைகளிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்; 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு துணியையும் ஒளியில் வைத்து, அது எந்த எண்ணுக்கு ஈடாக வெளுக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். எண் கூடக் கூட நிறம் நிலைக்கும். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலத்தை வைத்து ஒட்டியது என்பதால் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடியாக இருப்பதால் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அதனால்தான் கதவை ஒட்டிய ஓரங்கள் முதலில் வெளுக்கின்றன.

மூன்றாவது, நெசவின் வலிமை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்வானது. இருக்கையின் ஓரத்தில் அது அதிக நாள் நிற்காது. ஓட்டுநர் ஏறும்போதும் இறங்கும்போதும் வெளிப்பக்கத்து மேட்டில் தேய்த்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார். எந்தக் காரிலும் முதலில் கிழிகிற இடம் அதுதான். எனவே என் யோசனை இது: இருக்கையும் முதுகுச் சாய்வும் தட்டையாக இருக்கும் நடுப்பகுதிக்கு மட்டும் உங்கள் பூந்துணியை வைத்துக்கொள்ளுங்கள். நடுத்துண்டைச் சுற்றி வரும் விளிம்புக்குப் பூவில் இருக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் உறுதியான வெற்றுத்துணியைப் பட்டையாகக் கொடுங்கள். அழகுக்கும் இதுவே பொருத்தம். நாலாபுறமும் பூவாக இருந்தால் கண்ணுக்கு ஓய்விடம் இல்லாமல் போகிறது. வெற்றுநிறம் சட்டம் கட்டி நிற்கும்போதுதான் பூ துலங்கும்.

இனி வெட்டுவது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இருக்கையின் நடுப்பகுதி பெரும்பாலும் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு மேல் இராது. உங்கள் பூ அதைவிடப் பெரியது என்றால் எப்படி வெட்டினாலும் பாதிப் பூவும் ஒற்றை இலையும்தான் கிடைக்கும். அந்தத் துணியை வற்புறுத்தாதீர்கள். பூ ஒரு கையகலம் என்றால், அட்டையில் அந்த நடுப்பகுதியின் வடிவத்தை வரைந்து, வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சிய ஓட்டையை ஜன்னல்போலத் துணியின்மேல் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் பூ முழுதாக, முதுகுச் சாய்வின் மேல்பாதியில் வந்து அமர்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். நான் இன்றும் அட்டை ஜன்னல் இல்லாமல் அச்சுத்துணியை வெட்டுவதில்லை. பூவைச் சரியாக நடுவில் வைத்தால் உட்கார்கிறவரின் முதுகு அதை முழுவதும் மறைத்துவிடும் என்பதல்ல காரணம். கார் நிற்கும்போது கதவு வழியாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு மேல்பாதிதான் முதலில் படுகிறது. இப்படிப் பூவைத் தேடி வெட்டும்போது துணி வீணாகும். பத்து மீட்டரில் முன்னிருக்கைகள் இரண்டும் கவலையில்லாமல் முடியும். பின்னிருக்கையை மிச்சத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

கோடு போட்ட துணிக்கு இதைவிடக் கவனம் தேவை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் தைத்த ஓர் இருக்கையில், மேலே சரியாகத் தொடங்கிய கோடு கீழே வரும்போது ஒரு நெல் அளவு விலகியிருந்தது. மேசைமேல் அது தெரியவே இல்லை. இருக்கையில் மாட்டிய பிறகு வேறெதுவும் தெரியவில்லை. முழுவதையும் பிரித்துத்தான் தைத்தேன்.

வெட்டுவதற்கு முன்னால் துணியை வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள்; பருத்தி சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் இருக்கையின் முன்னிருந்து பின்னாக ஓடும்படி வெட்டுங்கள். மூலைவாட்டில் வெட்டிய துணி உட்கார உட்காரத் தொங்கிப் பை விழும். துணிக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் ஃபோமும் அதற்குக் கீழே ஒரு மெல்லிய துணியும் வைத்துச் சேர்த்துத் தைத்தால் மேல்துணி சுருக்கம் விழாமல், நழுவாமல் நிற்கும்.

கேள்வி: எங்கள் காரின் இருக்கை ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறிய துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கிறது. இருக்கையை முழுவதும் மூடி உறை போடலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள். அந்தச் சீட்டு இருக்கும் பக்கத்தில், முதுகுச் சாய்வுக்குள் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த பொழுதில் அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்தத் தையலைக் குறிப்பிட்ட விசையில் அறுந்துபோகும்படி கணக்கிட்டுத் தைக்கிறார்கள். அதன்மேல் நாம் அக்கறையோடு இரட்டைத் தையல் போட்ட உறையை மாட்டினால், நம் அக்கறையே ஏர்பேக்குக்குத் தடையாகிவிடும். பை தாமதமாக வரும், அல்லது வேறு திசையில் வரும்.

ஏர்பேக்குக்கு ஏற்றது என்று சொல்லி விற்கும் உறைகளிலும், உங்கள் இருக்கையோடு சோதித்துப் பார்த்தது என்று கார் தயாரிப்பாளரே சொல்வதைத் தவிர மற்றவற்றை நம்பிப் போட நான் சொல்லமாட்டேன். வீட்டில் தைக்கிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. சமையலறையில் கட்டுகிற ஏப்ரனைப்போல, இருக்கையின் நடுப்பகுதியை மட்டும் மூடி, தலைசாய்ப்பின் கம்பிகளிலும் இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையேயுள்ள இடுக்கிலும் நாடாவால் கட்டுகிற உறை அது. இரண்டு பக்கங்களும் திறந்தே இருக்கும். நாடாக்கள் இருக்கைக்கு அடியிலுள்ள ஒயர்களிலும் நகரும் தண்டவாளத்திலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உறையைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைக்கிற முயற்சி மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். பல கார்களில் முன்பக்கப் பயணி இருக்கைக்குள் ஆள் இருப்பதை உணரும் கருவியும் இருக்கிறது.

கேள்வி: காரின் கூரைத்துணி தொய்ந்து தலையில் இடிக்கிறது. பசை தடவி ஒட்டினேன். ஒரே வாரத்தில் மறுபடியும் தொங்குகிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், சித்திரத்துணி போடலாமா?

பதில்: பசையின்மேல் தவறில்லை. கூரைத்துணியின் பின்புறம் மெல்லிய ஃபோம் ஒன்று ஒட்டியிருக்கும். வருடக்கணக்கான வெப்பத்தில் அது மாவாக உதிர்ந்துவிட்டது. விரலால் தொட்டால் மஞ்சள் தூளாகக் கையில் வரும். அந்தத் தூளின்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. கூரைப் பலகையை முழுவதுமாகக் கழற்றி இறக்கி, பழைய ஃபோமைத் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, புதிய ஃபோம் வைத்த துணியை வெப்பம் தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். வெறும் பருத்தித் துணியை நேராக ஒட்டினால் பசை ஊறி மேலே கறையாகத் தெரியும். ஒட்டும்போது நடுவில் தொடங்கி, உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். பள்ளங்களில் துணியை இழுக்காமல் உள்ளே அழுத்திவிட்டுத்தான் மேலே நகர வேண்டும்.

சித்திரம் தாராளமாகப் போடலாம். எனக்குப் பிடித்த இடமே அதுதான். அங்கே யாரும் தேய்ப்பதில்லை, வியர்ப்பதில்லை. வெளிர்நிறத் தரையில் சிறிய பூக்கள் இறைந்த துணியாகப் பாருங்கள். அடர்ந்த நிறமும் பெரிய உருவங்களும் கூரையைத் தாழ்ந்ததாகக் காட்டும். கதவுகளுக்கு மேலேயும், கூரையைத் தாங்கும் ஓரத் தூண்களிலும் ஏர்பேக் உள்ள கார் என்றால், தூண் உறைகளைத் துணியால் மூடாதீர்கள். கூரைப் பலகையைக் கழற்றும் வேலையையும் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டமும் பூவும் போட்டால் கார் விளையாட்டுப் பொருளைப்போல ஆகிவிடும் என்கிறார் என் கணவர். பெரிய நிறுவனங்கள் எதுவும் இப்படிச் செய்ததுண்டா?

பதில்: உங்கள் கணவரிடம் 1976-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.யைப் பற்றிச் சொல்லுங்கள். வேகத்துக்குப் பெயர்பெற்ற அந்தக் காரின் இருக்கைகளுக்குக் கறுப்புத் தரையில் சிவப்புக் கோடுகள் ஓடும் ஸ்காட்லாந்துக் கட்டத்துணியைத் தேர்ந்தவர் குன்ஹில்ட் லில்லியெக்விஸ்ட் என்ற பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டியும் இனிப்புப் பெட்டிகளை வடிவமைத்தும் பழகிய அவர், 1964-இல் அந்த நிறுவனத்தின் துணி மற்றும் நிறப் பிரிவில் சேர்ந்தார். கோல்ஃப் பந்து வடிவிலான கியர் குமிழும் அவருடைய யோசனைதான். பின்னர் வந்த ஜி.டி.ஐ. தலைமுறைகளிலும் கட்டத்துணி தொடர்ந்திருக்கிறது.

போர்ஷே நிறுவனமும் 1960-களில் 911 காருக்குப் பெப்பிட்டா என்னும் சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கொடுத்தது. 1977-இல் வந்த 928-இலோ, பந்தயக் கொடி காற்றில் படபடப்பதைப்போலச் சிறுத்தும் பெருத்தும் நெளியும் சதுரங்களை இருக்கையில் நெய்தது. இந்தத் துணிகளை இன்றும் தேடி வாங்கிப் பழைய கார்களுக்குப் போடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் தைக்கிற நமக்குப் பாடமாக உள்ளது இன்னொன்று. அமெரிக்காவின் ஏ.எம்.சி. நிறுவனம் 1973-ஆம் ஆண்டின் கிரெம்லின் காரில் லீவைஸ் ஜீன்ஸைப்போன்ற இருக்கைகளைக் கொடுத்தது. ஆரஞ்சு நிறத் தையல், செப்பு ஆணிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் துணி மட்டும் உண்மையான டெனிம் அல்ல. டெனிமைப்போலத் தோற்றமளிக்கும் நைலான். காரணம், தீ. காருக்குள் பயன்படுத்தும் துணியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்ற விதி அங்கே 1972-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. பருத்தி டெனிம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே கார் முழுவதையும் பருத்தியால் மூடாமல், சிறு பகுதிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு எழும்பிய துணியும் தளர்ந்த நெசவும் விரைவாகத் தீப்பற்றுபவை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய அளவில் செய்ய நினைக்கிறவர்கள் கார் இருக்கைக்கென்றே தீத்தடுப்போடு நெய்த சித்திரத்துணியைக் கேட்டு வாங்குவதே முறை.

கேள்வி: டேஷ்போர்டின்மேலும் அதே துணியை விரிக்கலாமா?

பதில்: கூடாது. வெயில் பட்டதும் துணியின் நிறமும் பூவும் முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையை மறைக்கும். பயணிப் பக்கத்து ஏர்பேக்கின் மூடியும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்கும் இருக்கைப் பெல்ட்டுக்கும் துணி உறை போட நினைக்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: தைத்துப் போட்ட உறைகளை எப்படிப் பராமரிப்பது?

பதில்: மாதம் ஒருமுறை கழற்றி உதறுங்கள்; மணல்துகள்தான் நூலை அறுக்கிற அரம். துவைக்கும்போது குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். கறையைத் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தி, ஃபோமை அழுத்திப் பார்த்து ஈரம் அறவே இல்லை என்று உறுதியான பிறகே மாட்டுங்கள். முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஒரே அளவில் தைத்திருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடலாம். தேய்மானமும் வெளுப்பும் இரண்டுக்கும் சமமாகப் பங்காகும்.

மிச்சத் துணியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒட்டுப்போட எடுத்தால், வெளுத்த இருக்கையில் அந்தத் துண்டு மட்டும் பளிச்சென்று தனித்துத் தெரியும். அதை உறைகளோடு சேர்த்தே ஒவ்வொரு முறையும் துவைத்து, மற்ற நாள்களில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே மடித்து வையுங்கள்; மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றிப் போடுங்கள்.