போர்வெல் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. ஷாம்பூவை மாற்றினால் போகுமா?

ஷாம்பூவை மாற்றினால் மட்டும் போகாது. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் தண்ணீர் காய்ந்ததும் பெயிண்ட் மேல் படிகின்றன. அதனால் வெயிலில் கழுவாதீர்கள். பானெட் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். கூரையில் தொடங்கி, பகுதி பகுதியாகக் கழுவி, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் அருமை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் மெதுவாகத் துடைத்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் உப்பு மேல்பூச்சை அரித்திருக்கும், பாலிஷ்தான் வழி. அப்புறம், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். காருக்குப் போட்ட மெழுகை அது எடுத்துவிடும்.