சதுரகிரியில் எதுவரை ஏறலாம்?

கேள்வி: ஆடி அமாவாசைக்கு எப்போதும் போல சேதுக்கரை. அது முடிந்து, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து சதுரகிரி போகலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு 57 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் ஊரில் மேடு என்றால் மொட்டைமாடிதான். மகனோ, “மேலே கோயிலில் இருக்கிற சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்காமல் இறங்கினால் போனதே வீண்” என்கிறான். எதுவரை ஏறலாம்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: மகன் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் அண்ணே. அவன் ஏறுவதற்குக் கணக்குப் போடுகிறான், நீங்கள் இறங்குவதற்குப் போடுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், உட்கார்ந்தால் அடங்கிவிடும். இறங்கும்போதுதான் உடம்பின் மொத்த எடையும் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் வந்து விழும், அதுவும் வழுக்குப்பாறை மாதிரி இடத்தில் ஏற்கெனவே தொடை நடுங்கிக்கொண்டிருந்தால் கம்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். அடிவாரமான தாணிப்பாறையில் விடிந்ததும் கிளம்பி, கோரக்கர் குகை தாண்டி, வழியில் இருக்கிற இரட்டை லிங்கம் சன்னதி வந்ததும் உட்காருங்கள். தண்ணீர் குடித்து மூச்சு அடங்கிய பிறகு, மேலே போகாமல், வந்த வழியிலேயே பத்துப் பதினைந்து படி இறங்கிப் பாருங்கள். அம்மாவுக்கு முட்டி குத்துகிறதா, பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க வருகிறதா? அப்படியானால் அங்கேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அங்கே இருப்பதும் லிங்கம்தானே! மகனுக்கு ஆசை இருந்தால் பிலாவடி கருப்பு சன்னதி தாண்டி மேலே போய்விட்டு வரட்டும். ஆனால் அம்மாவைத் தனியாக இறங்க விடாதீர்கள், நீங்கள் கூட வாருங்கள்.

உங்களுக்கு வேறு கணக்கு. நடந்துகொண்டே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும். நெஞ்சை அழுத்துகிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது, சில்லென்று வியர்க்கிறது என்றால் மேலே ஒரு எட்டும் வேண்டாம். வாயுவாக இருக்கும் என்று சோடா தேடுவது நம் ஊர் வழக்கம், மலையில் அது ஆகாது. உட்கார்ந்து ஆள் கூப்பிடுங்கள். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் மழை. மேலே மேகம் கறுத்தால் எங்கே நின்றாலும் திரும்ப யோசியுங்கள், ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் கடக்க முயலவே கூடாது. 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன கூட்டத்தில் திடீர் காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. மலையேற விடும் நாளும் நேரமும் அடிக்கடி மாறும். வனத்துறையிடம் விசாரித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் தினமும் நடக்கிறேன். மலைக்கு இந்தப் பயிற்சி போதுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: கெண்டைக்கால் பலப்படும், நல்லதுதான். ஆனால் இறக்கத்துக்கு அது உதவாது. பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறதே என்று தோன்றும், ஆனால் அந்தக் காற்றிலும் பஸ் போக்குவரத்திலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். மாடிப்படி போதும். கைப்பிடியைப் பிடிக்காமல் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டால் ஒரு நாள் விட்டுத் தொடருங்கள், முட்டி வீங்கினால் விட்டுவிடுங்கள்.