செபமாலையில் ஒரு கம்பி

அன்புள்ள ஐயா,

கோலார் தங்கவயலைப் பற்றி நீங்கள் எழுதுவதை எல்லாம் தொடர்ந்து படிக்கிறேன். நானும் அந்த ஊர்க்காரிதான். சாம்பியன் ரீப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். இப்போது பெங்களூரில் இருக்கிறேன்.

என் தாத்தா 33 வருஷம் மைன்ஸில் வேலை பார்த்தார். அவ்வளவும் பூமிக்கு அடியில். எந்த ஷிப்டாக இருந்தாலும் மாதா கோயில் வாசலில் நின்று ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத்தான் இறங்கப் போவார். பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் முதல் நற்கருணைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார்.

அவரைப் பற்றி எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசைப்பட்டேன். உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாண்டவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், செபம் சொன்னார், எங்களைப் பார்த்துக்கொண்டார். இதற்கு மேல் என்ன எழுதுவது? அண்ணனிடம் கேட்டால் கோபப்படுகிறான். "குழிக்குள் இறங்குகிறவனுக்குப் பயம். பயத்தில் கும்பிட்டார். அவருக்கு வேறு வாழ்க்கையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதைப் போய் பக்தி, பாசம் என்று எழுதாதே" என்கிறான். அவன் சொல்வதும் சரிதானோ என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அவர் பெட்டியில் ஒரு பழைய செபமாலை இருக்கிறது. அறுந்த இடத்தில் ஏதோ கலர் ஒயர் போட்டு முறுக்கி வைத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்தால் எழுத வேண்டும் போலத்தான் இருக்கிறது.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தாத்தாவைப் பற்றி எழுதும்போது அந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் எப்படி உண்டானது என்று உங்களுக்கே தெரியும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிலமில்லாத ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். தாது வருஷப் பஞ்சம் (1876-78) முடிந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவதே மேல் என்று வந்தவர்கள் அவர்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டில் பெரிய பெரிய ஊர்களே விளக்கில்லாமல் கிடந்த காலம் அது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது இயந்திரத்துக்காக. துரைமார்களுக்கு பங்களாவும் கிளப்பும் இருந்தன. நம் ஜனங்களுக்கு லைன் வீட்டில் ஒரே அறை. 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் மேலே வந்திருக்கிறது. அதை எடுத்தவர்கள் வீட்டில் எத்தனை பேர் காதில் பொட்டுத் தங்கம் இருந்தது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருந்து இயந்திரம் வைத்துக் குளிர்காற்றை உள்ளே தள்ளினால்தான் ஆள் நிற்க முடியும். அப்புறம் அந்தத் தூசி. கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் பொடி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும், திரும்பி வராது. சிலிக்கோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். என் தாத்தா கடைசிப் பத்து வருஷம் படுத்துத் தூங்கியதே இல்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். உங்கள் தாத்தாவும் அப்படித் தூங்கியிருந்தால் அதை எழுதுங்கள். பக்திமான் என்று ஒரு வார்த்தை போட்டு இதையெல்லாம் மூடிவிட்டால் அண்ணனின் கோபம் நியாயமாகிவிடும்.

மீதிப் பாதியில்தான் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை.

பயத்தில் கும்பிட்டார் என்கிறார். பயம் இல்லாமல் யார் அந்தக் கேஜில் ஏறியிருக்க முடியும்? இரும்புக் கூண்டில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட நெருக்கி நின்று, மணியடித்ததும் கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்குவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் சிலுவை போடுவார், ஒருவர் திருநீற்று நெற்றியைத் தொட்டுக்கொள்வார், ஒருவர் மாரியாத்தாளைக் கூப்பிடுவார். என் தாத்தா பஞ்சசீலம், அதாவது பௌத்தர்களின் ஐந்து உறுதிமொழிகளை, சொல்வார். எங்களுடையது மாரிக்குப்பத்துப் பௌத்தக் குடும்பம். அயோத்திதாச பண்டிதரின் வழியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே தமிழ்ப் பௌத்தம் வேர்விட்டிருந்தது. இத்தனை சாமியும் ஒரே கேஜில் இறங்கியது பற்றித் தாத்தா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

அவர் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் தாத்தா செய்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். வெடி வைத்துப் புகை அடங்கிய பிறகு, முதலில் உள்ளே போகிறவர் கையில் நீளமான கடப்பாரை இருக்கும். அதால் தலைக்கு மேலே உள்ள பாறையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான பாறை கணீரென்று மணி மாதிரி பதில் சொல்லும். உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் பொத்தென்று, காலிப் பானையைத் தட்டினது மாதிரி கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தை நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் மற்றவர்களை உள்ளே விடுவார்கள். பின்னால் நிற்கும் ஏழெட்டுப் பேர் உயிரும் அந்த ஒருவர் காதில் இருக்கிறது. என் தாத்தா பல வருஷம் அந்தக் காதாக இருந்தார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மண்பானை வாங்கினாலும் தட்டுவார், பூசணிக்காய் வாங்கினாலும் தட்டுவார். யாராவது வீடு கட்டினால் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

எனக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும். இழுப்பு வந்து மூச்சுவிட முடியாமல் கிடந்தேன். சித்திரை மாதம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுப் பொடி மலை மாதிரி குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்து வீடெல்லாம் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தது. ஆயா, என் பாட்டி, வெந்நீர் வைத்துத் தருகிறாள், அம்மா அழுகிறாள். தாத்தா என்னைக் குப்புற மடியில் போட்டு, முதுகில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். தட்டி, காதை வைத்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளி மறுபடி தட்டினார். பல தடவை கேட்டுவிட்டு அம்மாவிடம், "கெட்டியாத்தான் இருக்கு, அழாதே" என்றார். அதற்கப்புறமும் காதை எடுக்கவில்லை. விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சிலும் விசில் அடித்தது, என் நெஞ்சிலும் விசில் அடித்தது. நடுராத்திரியில் விழித்தபோது எது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சரணம் சரணம் என்று மட்டும் காதில் விழுந்தது.

இப்போது சொல்லுங்கள், அது பயமா? பயம் இருந்திருக்கலாம். பேரன் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம். பிள்ளைமேல் உயிரை வைத்த எல்லோருக்கும் அது வரும். அதை வைத்துக்கொண்டு இவருக்குப் பக்தியே கிடையாது என்று எப்படிச் சொல்வது? என்னைக் கேட்டால் அவருடைய வேலை, குடும்பம், சாமி மூன்றும் ஒரே செயல்தான். தன்னை நம்பி நிற்கிறவர்களுக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருப்பது. குழியில் பாறைக்குக் கொடுத்தார், வீட்டில் எங்களுக்குக் கொடுத்தார், அதிகாலையில் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னவோ ஒன்றுக்குக் கொடுத்தார்.

பாறை வெடிப்பு நினைவிருக்கிறதா உங்களுக்கு? அழுத்தம் தாங்காமல் ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும்போது மேலே நம் வீட்டில் பரணிலிருக்கும் பாத்திரங்கள் குலுங்குமே! நில நடுக்கம் மாதிரி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை அப்படியே நின்றுவிடும். லைன் முழுக்கக் கதவுகள் திறக்கும், பெண்கள் கேஜ் இறங்கும் ஷாப்ட் பக்கம் ஓடுவார்கள். தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் லைனில் யார் யார் எந்த ஷிப்டில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அதிர்ச்சி வந்தவுடன் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார், அப்போது உள்ளே இருக்கிறவர்களின் பெயர்களை மட்டும். பஞ்சசீலம் சொல்கிற அதே குரல், அதே வேகம். கடைசி ஆள் திரும்பி வந்த சேதி கிடைக்கும்வரை உள்ளே வரமாட்டார்.

இன்னொரு விஷயமும் எழுதத் தோன்றுகிறது. 1965இல் நம் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளோடு ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. உலகத்தையே துளைத்துப் போகிற, கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க வேண்டுமானால் மற்றத் துகள்களைத் தடுக்க வேண்டும், அதற்கு அவ்வளவு பாறை தலைக்கு மேல் தேவைப்பட்டது. அந்தக் கருவிகள் இருந்த ஆழத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் படிக்கும்போது தாத்தாவின் முகம் அவர்களுக்கு ஞாபகம் வரட்டும்.

சரி, எழுதுவதற்கு ஒன்றுமே வரவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது. ஆறு பேருக்கும் நற்கருணைக்குப் புதுத்துணி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சம்பளத்தில் அதற்கு எப்படிப் பணம் மிச்சம் பிடித்தார்? ராபர்ட்சன்பேட்டையில் எந்தத் தெருவில் வாங்கினார், கூட யாரை அழைத்துப் போனார்? துணியின் நிறம் என்ன? அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். பெரியவர்களிடம் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். "ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

கோயில் பதிவேட்டையும் பாருங்கள். பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பங்குக் கோயில்களில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெற்றோர் பெயர் இருக்கும், சில பதிவுகளில் பூர்வீக ஊரும் இருக்கும். குடியாத்தமோ ஆம்பூரோ, உங்கள் குடும்பம் கிளம்பி வந்த இடம் அந்த மையெழுத்தில் இருந்தாலும் இருக்கும். தாத்தாவின் சர்வீஸ் காகிதங்கள் ஏதாவது பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஷாப்டுகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. தாத்தா வேலை செய்த இடத்தை இனி யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. அந்தக் காகிதமும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகமும்தான் மிச்சம்.

அண்ணனையும் எழுதச் சொல்லுங்கள். அவருடைய கோபம் தாத்தாவின் மேல் உள்ள கோபம் இல்லை. தாத்தாவுக்கு நடந்ததைத் தாங்க முடியாத பேரனின் கோபம் அது. ஒரே நோட்டில் நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் எழுதலாமே.

அப்புறம் அந்த செபமாலை. கலர் ஒயர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கூடை இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக மெல்லிய கம்பியால் தாத்தா பின்னியது. ஆயா அதில் வெற்றிலை வைத்திருப்பாள். வெடி வைக்கும்போது, வெடியைக் கிளப்பிவிடும் டெட்டனேட்டருக்குப் போகிற கம்பி அது. வெடித்த பிறகு மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. மெலிதாகத் தெரியும், லேசில் அறுபடாது.

உங்கள் தாத்தா முறுக்கியிருப்பதும் அதுதானா என்று பாருங்கள். வெளிச்சத்தில் வைத்து, முனையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் செம்பு தெரியும். என்ன நிறம், எந்த மணிக்கும் எந்த மணிக்கும் நடுவில் முறுக்கியிருக்கிறார், எத்தனை சுற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.