ஐந்தாவது நொடிக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜாவா நிரல்மொழியைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பஸ் டிக்கெட் முன்பதிவுத் தளம் ஒன்றில் சர்வர் பகுதியைக் கவனிக்கும் குழுவில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். இருக்கை நிலவரம் கேட்பதும் முன்பதிவு செய்வதும் வேறொரு நிறுவனத்தின் சேவை வழியாகவே நடக்கின்றன. நொடிக்குச் சுமார் 40 கோரிக்கைகள் போகும். வழக்கமாக 200 மில்லிநொடியில் பதில் வந்துவிடும். 20 திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலையாட்கள்) கொண்ட பூல் ஒன்றில் அந்த அழைப்புகளைக் கொடுத்துவிட்டு, பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டாகிய ஃப்யூச்சரின் கெட் மெத்தடில் 5 நொடி வரம்பு வைத்துக் காத்திருக்கிறோம்.

சென்ற மாதம் ஒரு மாலை அவர்களுடைய சேவை இரண்டு நிமிடம் மந்தமானது. ஒவ்வொரு பதிலுக்கும் 30 நொடி ஆனது. அவர்கள் சரிசெய்த பிறகும் எங்கள் தளத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல், நேரம் கடந்துவிட்டது என்ற டைம்அவுட் பிழையே வந்துகொண்டிருந்தது. அதைவிட மோசமானது, "முன்பதிவு தோல்வி" என்று நாங்கள் காட்டிய சிலருக்கு டிக்கெட் பதிவாகியிருந்தது. அவர்கள் மறுபடி முயன்றதால் இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் போனது. ஒவ்வொரு திரெட்டும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் எடுத்துப் பார்த்தால், பூலின் 20 திரெட்டும் ரன்னபிள் (ஓடும் நிலை) என்று நலமாகவே தெரிந்தன.

வரம்பை 60 நொடியாக உயர்த்தச் சொல்கிறார் எங்கள் குழுத் தலைவர். ஃப்யூச்சரின் புதிய வடிவமான கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சருக்கு மாறினால் தீருமா? எத்தனை நொடி வைப்பது சரி?

அன்புடன்,
கே.
பெங்களூரு

அன்புள்ள கே.,

எத்தனை நொடி என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். ஐந்தாவது நொடி முடிந்த அந்தக் கணத்தில் உங்கள் சர்வருக்குள் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் இரண்டு சிக்கல்களும் அங்கேதான் இருக்கின்றன.

கெட் மெத்தட் டைம்அவுட் எக்ஸப்ஷனை எறிந்தபோது காத்திருந்த திரெட் மட்டுமே விடுதலை ஆனது. வேலையை எடுத்துக்கொண்ட திரெட்டுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது வலை இணைப்பின் முனையான சாக்கெட்டின் வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஜேஸ்டாக்கில் அது ரன்னபிள் என்று தெரிந்ததில் வியப்பில்லை. சாக்கெட்டில் பதிலுக்காக முடங்கிக் கிடக்கும் சாதாரணத் திரெட்டை, ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் அந்தப் பெயரில்தான் காட்டும். அந்தச் சொல்லைப் பார்க்காமல் அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பாருங்கள். இருபதிலும் சாக்கெட் ரீட் என்று இருந்திருக்கும்.

இனி கணக்கு. நொடிக்கு 40 கோரிக்கை வரும் இடத்தில் 20 திரெட்டும் சிக்கிக்கொள்ள அரை நொடி போதும். அதன் பிறகு வந்தவை எங்கே போயின? எக்ஸிக்யூட்டர்ஸ் வகுப்பின் நியூஃபிக்ஸ்ட்திரெட்பூல் மெத்தடில் அந்தப் பூலை உருவாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் வரிசைக்கு நடைமுறையில் எல்லையே கிடையாது. இரண்டு நிமிடத்தில் 4,800 கோரிக்கைகள் வந்தன. 20 திரெட்டும் தலைக்கு நான்கு வேலை முடித்திருந்தால் மொத்தம் 80. மீதி 4,720 கோரிக்கைகள் வரிசையில் நின்றன. அவற்றுக்கான ஐந்து நொடி, கோரிக்கை உங்கள் சர்வரை விட்டு வெளியே போகும் முன்பே கரைந்துவிட்டது.

அவர்கள் சேவை சரியானதும் உங்கள் பூல் நொடிக்கு 100 வேலைகளை முடிக்கத் தொடங்கியது. புதிதாக 40 வந்துகொண்டிருந்ததால் வரிசை நொடிக்கு 60தான் குறைந்தது. அது காலியாக 80 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். "ஒரு நிமிடத்துக்கு மேல்" என்று நீங்கள் எழுதியது இதுதான். அந்த நேரத்தில் உங்கள் பூல் என்ன செய்துகொண்டிருந்தது? கேட்டவர் எப்போதோ போய்விட்ட பழைய கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து உண்மையாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. தோல்வி என்று நீங்கள் சொல்லிவிட்ட முன்பதிவுகளையும் அது அனுப்பியது. இரட்டை டிக்கெட்டுகளில் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பில்லிங் வேலையில், டைம்அவுட் ஆன கோரிக்கைகளை இரவில் மறுபடி ஓட்டும் நிரலை எழுதினேன். முதல் முறையே அவற்றில் பல நிறைவேறியிருந்தன. பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்ட ஒரு முதியவர் தொலைபேசியில் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது 2014இல் ஜாவா 8உடன் வந்தது. ஆர்டைம்அவுட், கம்ப்ளீட்ஆன்டைம்அவுட் என்ற இரண்டு மெத்தட்களும் 2017இல் ஜாவா 9உடன் சேர்ந்தன. எழுத வசதியானவை, ஆனால் அவையும் காத்திருப்பவருக்கு மட்டுமே மணி அடிக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் வேலை அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேன்சலும் இப்படித்தான். பழைய ஃப்யூச்சரில் கேன்சலுக்கு ட்ரூ கொடுத்தால், வரிசையில் நிற்கும் வேலை ஓடாமல் போகும், ஓடும் திரெட்டுக்கு, நிறுத்திக்கொள் என்னும் இன்டரப்ட் குறிப்பு போகும். உங்கள் நிரலில் டைம்அவுட்டைப் பிடிக்கும் இடத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் வரிசையில் கிடந்த பழைய முன்பதிவுகள் வெளியே போயிருக்காது. ஆனால் சாக்கெட் ரீடில் முடங்கிய சாதாரணத் திரெட் இன்டரப்டுக்கு அசையாது. கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரிலோ அந்த ட்ரூவுக்குப் பொருளே இல்லை, ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

கம்ப்ளீட்ஆன்டைம்அவுட்டில் ஓர் எச்சரிக்கை. நேரம் முடிந்தால் மாற்று மதிப்பு ஒன்றைத் தருவது அதன் வேலை. இருக்கை நிலவரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டலாம், யாருக்கும் இழப்பில்லை. முன்பதிவுக்கு மாற்று மதிப்பு என்று எதுவும் இருக்க முடியாது. அந்த அழைப்பில் அதைத் தொடாதீர்கள்.

ஆகவே உண்மையான வரம்பு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வலைக் கோரிக்கை அனுப்ப ஜாவாவில் உள்ள பழைய ஹெச்டிடிபியுஆர்எல்கனெக்‌ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இணைப்புக்கும் வாசிப்புக்கும் அதன் இயல்பான வரம்பு 0. அங்கே பூஜ்யம் என்றால் முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். வாசிப்பு வரம்பு வைத்தாலும், அது மொத்த நேரத்தை அளப்பதில்லை, ஒவ்வொரு வாசிப்பையும் தனித்தனியாகவே அளக்கிறது. எதிர்முனை நான்கு நொடிக்கு ஒரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்பினால் உங்கள் 5 நொடி வரம்பு ஒருபோதும் விழிக்காது. ஜாவா 11இன் ஹெச்டிடிபிகிளையன்ட் இதைவிட நல்லது. இணைப்புக்கு ஒரு வரம்பு, கோரிக்கைக்கு ஒரு வரம்பு எனத் தனித்தனியாக வைக்கலாம். ஜாவா 16 முதல், காத்திருக்காமல் அனுப்பும் சென்ட்அசிங்க் மெத்தட் தரும் ஃப்யூச்சரைக் கேன்சல் செய்தால் அடியில் ஓடும் கோரிக்கையையும் நிறுத்த அது முயல்கிறது. பூலின் வரிசைக்கும் எல்லை வையுங்கள். 100 பேருக்கு மேல் நிற்க இடமில்லை என்றால், 101ஆவது ஆளுக்கு உடனே "இப்போது இயலாது" என்று சொல்லிவிடலாம். ஐந்து நொடி நிற்கவைத்து அதையே சொல்வதைவிட அது எவ்வளவோ மரியாதையானது.

இப்போது நொடிக் கணக்கு. உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தையும் பெருக்கியது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. வழக்கமான நாளில் 40 பெருக்கல் 0.2, அதாவது 8 கோரிக்கைகள். அன்று மாலை ஒவ்வொருவரும் 5 நொடி நின்றதால் 200. டாம்கேட் என்ற ஜாவா வலைச் சர்வர் இயல்பாகக் கொடுக்கும் உச்சத் திரெட் எண்ணிக்கையும் 200தான். நீங்கள் விளிம்பில் நின்றிருக்கிறீர்கள். 60 நொடி வைத்தால் 2,400 வேண்டும். அந்த 200ம் ஐந்தே நொடியில் தீர்ந்து, வெளிச் சேவையைத் தொடாத பக்கங்கள்கூடத் திறக்காது. உங்கள் குழுத் தலைவரிடம் இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பயனாளர் மீதான அக்கறையில்தான் அவர் 60 என்கிறார். எண்ணைப் பார்த்தால் மாற்றிக்கொள்வார்.

சரியான எண்ணை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் பதிவுகளில் 100இல் 99 பதில்கள் எவ்வளவு நேரத்துக்குள் வந்திருக்கின்றன என்று பாருங்கள். 800 மில்லிநொடி என்று வந்தால், இருக்கை நிலவரத்துக்கு ஒன்றரை நொடி தாராளம். முன்பதிவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. கெடு என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் என்று கெடு வைத்தால், அது கை மாறும்போதெல்லாம் புதிதாகத் தொடங்குவதில்லை. நிரலில் நாம் வைக்கும் டைம்அவுட் அப்படியல்ல, ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி சுழியத்திலிருந்து ஓடுகிறது. மூன்று சேவைகளை அடுத்தடுத்து அழைத்து ஒவ்வொன்றுக்கும் 5 நொடி வைத்தால், பயனாளர் 15 நொடி நிற்கிறார். கோரிக்கை வந்தவுடன் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் கொடுங்கள். அளக்க நானோடைம் பயன்படுத்துங்கள், கணினியின் கடிகாரம் திருத்தப்பட்டால் கரண்ட்டைம்மில்லிஸ் பின்னோக்கிக்கூடப் போகும். சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி இந்தக் கெடுவைச் சேவையிலிருந்து சேவைக்குக் கடத்தவே வழிசெய்கிறது. வரிசையிலிருந்து எடுக்கப்படும் வேலையின் முதல் வரியும் கெடு தாண்டிவிட்டதா என்று பார்ப்பதாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் இரட்டை டிக்கெட் முழுதாக ஒழியாது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, டிக்கெட் பதிவாகி, பதில் மட்டும் தாமதமாகும் நிலை எப்போதும் இருக்கும். செய்தி வந்துசேர மேல்வரம்பே இல்லாத அமைப்பில், செத்துப்போன எதிர்முனையையும் மெதுவான எதிர்முனையையும் பிரித்தறிய வழியில்லை. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் வெளியிட்ட, அத்தகைய அமைப்பில் ஒன்று செத்தாலும் மற்றவை ஒருமித்த முடிவை எட்டும் என்று உறுதிதர முடியாது என்ற புகழ்பெற்ற நிரூபணத்தின் வேர் அதுதான். ஆகவே டைம்அவுட் என்பதற்கு "தெரியவில்லை" என்று மட்டுமே பொருள். அதை "தோல்வி" என்று திரையில் எழுதியதுதான் அந்தப் பயணிகளை மறுபடி பணம் கட்டவைத்தது. யுபிஐயில் பணம் அனுப்பும்போது சில வேளைகளில் நிலுவையில் என்று வருகிறதே, அந்த மூன்றாவது நிலை உங்கள் தரவுத்தளத்திலும் வேண்டும்.

அழைப்பை அனுப்பும் முன்பே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிச் சேமியுங்கள். அதே எண்ணுடன் இரண்டாவது கோரிக்கை வந்தால் புதிய டிக்கெட் போடாமல் பழைய பதிலையே தர அந்த நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மறுமுயற்சி பாதுகாப்பானது. இல்லையென்றால் முன்பதிவைத் தானாக மறுபடி அனுப்பவே கூடாது. நிலவரத்தை மட்டும் விசாரித்து, தெளிவான பதில் வரும்வரை பயனாளருக்கு "உறுதிசெய்துகொண்டிருக்கிறோம், மீண்டும் பணம் செலுத்த வேண்டாம்" என்று காட்டுங்கள்.

சோதிப்பது எளிது. இணைப்பை ஏற்றுக்கொண்டு எதுவுமே பதில் சொல்லாத ஒரு பொய்ச் சர்வரைச் சர்வர்சாக்கெட்டை வைத்துப் பத்து வரியில் எழுதலாம். உங்கள் தற்போதைய நிரலை அதன்மேல் இரண்டு நிமிடம் ஓட்டி ஜேஸ்டாக் எடுங்கள். மாற்றங்களைச் செய்த பிறகு மறுபடி எடுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்