பாலை நிறுத்தாதீர்கள், மாத்திரையை நிறுத்துங்கள்

கழிச்சல் கண்ட உங்கள் பசுங்கன்றுக்குத் தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே முடிவு கட்டிப் பாலை நிறுத்தியிருக்கிறீர்கள், அம்மா. இன்றே திரும்பக் கொடுங்கள். ஆறு நாள் கிடாரிக் கன்றுக்கு அதை விட்டால் வேறு தெம்பு கிடையாது. போன ஈற்றுக் கன்று கழிந்து கழிந்தே செத்தது, இதுவும் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். கழிச்சலில் பெரும்பாலான கன்றுகள் சாவது உடம்பின் நீரும் உப்பும் வற்றித்தான். ஆகவே சாணத்தின் நிறத்தை விட்டுவிட்டுக் கன்றைப் பாருங்கள்.

கையைக் கழுவி விரலை அதன் வாயில் வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலை இழுத்துச் சப்பினால் பயம் குறைவு. வாய் சில்லிட்டுச் சப்பாமல் கிடந்தால் ஆபத்து. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாமல் நின்றாலோ, கண் குழிவிழுந்திருந்தாலோ, கன்று எழுந்து நிற்காவிட்டாலோ நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பண்ருட்டியில் இருக்கிறீர்கள்; கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ உடனே அழையுங்கள். சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். சப்பாத கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சப்புகிற கன்றுக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை அளவு மாறாமல் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பால் வேளைகளுக்கு நடுவே காலையும் மாலையும் கொடுங்கள்.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் பொடித்துக் கொடுத்தது பெரிய தவறு. முதல் வாரங்களில் வரும் கழிச்சலில் பெரும்பகுதி ரோட்டா, கொரோனா போன்ற வைரஸ்களாலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாலும் வருவது. அவற்றை அந்த மாத்திரை தொடாது. இப்போதுதான் குடலில் குடியேறத் தொடங்கியிருக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிரிகளைத்தான் அது அழிக்கும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் வந்த கழிச்சலாக இருந்தால் மருந்து வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பேதியை நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது. வெளியேற வேண்டிய நஞ்சு குடலிலேயே தங்கிவிடும்.

முதல் நாள் கறுப்புச் சாணமும் அடுத்து வந்த மஞ்சள் சாணமும் இயல்பு. வீடியோவில் பார்த்த தயிர் வைத்தியம் கழிச்சலை நிறுத்தாது, விட்டுவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், "நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் இரண்டு கன்றையும் ஊட்ட விட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்த வரி அதுதான். பசுவின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருப்பையில் கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் சேரும். அவற்றை முழுதாக உறிஞ்சும் சக்தி கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடிக்காக நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு மணியும் கன்றுக்கு நஷ்டம். உண்மையில் கன்று ஊட்டினால்தான் கருப்பை சுருங்கி, கொடி விழவும் உதவும். அடுத்த ஈற்றில் பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

மருத்துவர் வரும்போது நீங்கள் கொடுத்த மாத்திரையின் அட்டையை மறைக்காமல் காட்டுங்கள்.