கடினமான டிரம்ஸ் ஃபில் ஒன்றை, பாட்டு கெடாமல் எப்படிச் சுலபமாக்கி வாசிப்பது?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: மதுரையில் ஒரு லைட் மியூசிக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறீர்கள். இன்டர்லூட் முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு பார் (நாலு பீட்) நீளத்துக்கு ஃபில், அதாவது வழக்கமான தாளத்தை விட்டு டிரம்களில் உருட்டும் இணைப்பு, வருகிறது. டெம்போ 100 (நிமிடத்துக்கு நூறு பீட்), பீட்டுக்கு ஆறு அடி. கையில் நாலு, காலில் இரண்டு. ஸ்நேரில் (முன்னால் இருக்கும் கூர்மையான ஒலி டிரம்) தொடங்கி இரண்டு டாம்களைக் கடந்து ஃப்ளோர் டாமில் (தரையில் நிற்கும் பெரிய டாம்) இறங்கி, அடுத்த பாரின் முதல் பீட்டில் கிராஷோடு (பெரிய உலோகத் தட்டு) முடிகிறது. ஒற்றைப் பெடல்தான். பங்குனித் திருவிழாக் கச்சேரிக்குள் அது கைக்கு வராது போலிருக்கிறது.

கையைவிடக் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டெம்போ 100 என்றால் ஒரு பீட் 0.6 விநாடி. ஆறாகப் பிரித்தால் அடிக்கு அடி 0.1 விநாடி. இந்த ஃபில்லின் அடிவரிசை ‘வ இ வ இ கா கா’ (வலது, இடது, கால்). கைகள் மாறி மாறி விழுவதால் ஒவ்வொரு கைக்கும் அடுத்த அடிக்கு 0.2 விநாடி கிடைக்கிறது. கால் ஒன்றுதான், ஐந்தாவது, ஆறாவது அடிகளை அதுவே 0.1 விநாடி இடைவெளியில் அடிக்க வேண்டும். கைக்குத் தேவைப்படும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு. பெரும்பாலானவர்கள் பிராக்டிஸ் பேடில் உட்கார்ந்து கையையே தேய்க்கிறார்கள், மேடையில் அதே இடத்தில் மறுபடி தடுக்குகிறது.

உங்களுக்கு எங்கே தடுக்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். மெட்ரோனோமை 100-இல் வையுங்கள். கால் வரும் இரண்டு இடங்களையும் மௌனமாக விட்டுக் கையை மட்டும் ஸ்நேரில் வாசியுங்கள். அடுத்து கையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு எண்ணிக்கை விட்டுக் கடைசி இரண்டை மட்டும் காலால் போடுங்கள். மூன்றாவதாகக் கையும் காலும் சேர்த்து, ஆனால் ஸ்நேரைவிட்டு நகராமல். மூன்றும் சரியாக வந்து, டாம்களுக்கு நகரும்போது மட்டும் உடைந்தால் பிரச்சினை நகர்த்தலில்தான். இரண்டாவதில் உடைந்தால் காலில். ஒற்றைப் பெடல் ஆட்களில் அதிகம் பேருக்கு இரண்டாவதில்தான் உடையும்.

இன்னொரு முடிச்சு பலர் கண்ணில் படுவதே இல்லை. ஃபில் முடிந்து விழும் கிராஷோடு கிக்கும் (காலால் அடிக்கும் பேஸ் டிரம்) சேர்ந்து விழ வேண்டும். ஆக கடைசி பீட்டில் கால் ஐந்தில், ஆறில், உடனே அடுத்த பாரின் ஒன்றில் என்று 0.1 விநாடி இடைவெளியில் மூன்று முறை தொடர்ந்து மிதிக்க வேண்டியிருக்கிறது. முதல் மூன்று பீட்டுகள் நன்றாகப் போய், முடிவு மட்டும் தாமதமாக விழுவதும், கிராஷ் அடியில் கனமில்லாமல் தகரம்போல் ஒலிப்பதும் இதனால்தான். ஃபில்லில் எதைக் குறைத்தாலும் குறைக்கக்கூடாதது இந்த இறங்குமிடம். தவிலும் பம்பையும் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் நடுவில் இரண்டு அடி விட்டுப்போனால் கவனிக்க மாட்டார்கள். முத்தாய்ப்பு தள்ளி விழுந்தால் முன்வரிசைச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால் எந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசி பீட்டை மட்டும் தனியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்று வழிகள். சொல்கட்டில் (தாளத்தை வாயால் சொல்லும் ஜதி) பார்த்தால் எளிதாகப் புரியும். உங்கள் ஃபில் ‘தகதிமி தக’, அதாவது 4+2. ‘தகதிமி’ கை, ‘தக’ கால்.

முதல் வழி, அந்த 4+2 வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஐந்தாவது அடியைக் காலிடமிருந்து வாங்கி வலது கைக்குக் கொடுப்பது. அதை ஃப்ளோர் டாமில் அடியுங்கள்: வ இ வ இ வ(ஃப்ளோர்) கா. கேட்பவர் காதில் இரண்டு கனமான அடிகள்தான் விழும். முதலாவது டாம், இரண்டாவது கிக் என்று பிரித்துப் பார்க்க அங்கே நேரமில்லை. இது நன்றாக ஒட்ட, ஃப்ளோர் டாம் தாழ்ந்த சுருதியில் இருக்க வேண்டும். வாடகை கிட்டில் (டிரம்ஸ் செட்) அது பெரும்பாலும் இறுக்கமாகக் கிடக்கும். மேல்தோலை இறுக்கும் எல்லாத் திருகுகளையும் சாவியால் கால்வாசிச் சுற்று தளர்த்திக் கேட்டுப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால்வாசி.

இந்த வழியின் விலை வலது கைக்கு. ஒவ்வொரு பீட்டிலும் அது 0.2 விநாடிக்குள் ஃப்ளோர் டாமுக்குப் போய், அதே 0.2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். ஆகவே மூலத்தைப்போல நாலு டிரம்களையும் சுற்றாதீர்கள். முதல் இரண்டு பீட் ஸ்நேர், மூன்றாவது பீட் ஃப்ளோர் டாமுக்குப் பக்கத்து டாம், நாலாவது முழுக்க ஃப்ளோர் டாம், அவ்வளவு போதும். அந்த நாலாவது பீட்டில் கால் வேண்டாம்: வ இ வ இ வ இ, ஆறும் கை. அடுத்த அடி இயல்பாக வலது கையில் வரும். அது வலது பக்கக் கிராஷ். கால் அதற்குள் ஓய்வெடுத்திருப்பதால் கிராஷோடு விழும் கிக் முழுக் கனத்தோடு வரும்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. 4+2-ஐ 3+3 ஆக்குங்கள், ‘தகிட தகிட’. அடிவரிசை: வ இ கா வ இ கா. ஆறு அடி ஆறாகவே இருக்கிறது, வேகமும் அடர்த்தியும் குறையவில்லை. ஆனால் வலது, இடது, கால் மூன்றுக்கும் சமமாக 0.3 விநாடி கிடைத்துவிடுகிறது. காலுக்கு இரட்டை மிதி கிடையாது. மூலத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஆள் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார். மற்றவர்களுக்கு அதே மாதிரியான உருட்டல்தான். நம் பக்கத்து மேளத்தில் மூன்று மூன்றாக வரும் திஸ்ர நடை கேட்டுப் பழகிய காதுக்கு இது சொல்லப்போனால் இன்னும் நெருக்கம்.

இங்கே தவறு நேரும் இடம் வேறு. மூலத்தில் கால் அடிக்கும் நேரத்தில் கைகளுக்கு 0.4 விநாடி கிடைக்கும், அடுத்த டாமுக்கு நகர அது போதும். ‘தகிட’வில் அது 0.3 ஆகிவிடும். பழைய பழக்கத்தில் பீட்டுக்கு ஒரு டிரம் என்று நகர்ந்தால் ஸ்டிக் வளையத்தில் மோதும். இரண்டு பீட் ஸ்நேர், இரண்டு பீட் ஃப்ளோர் டாம் என்று ஒரே ஒரு நகர்த்தலோடு தொடங்குங்கள். கடைசி பீட்டில் ஆறாவது அடியை விட்டுவிடுங்கள்: வ இ கா வ இ, பிறகு ஒரு சின்ன மூச்சு, கிராஷ். அந்த மூச்சு இல்லாவிட்டால் காலுக்கு மறுபடி இரட்டை மிதி வந்துவிடும். அந்த வெற்றிடத்தால் கிராஷ் இன்னும் பெரிதாகவும் ஒலிக்கும்.

மூன்றாவது, பீட்டுக்கு நாலாகக் குறைப்பது: வ இ வ கா, கடைசி பீட் மட்டும் வ இ வ இ. அடிக்கு அடி 0.15 விநாடி. ஆறின் உருட்டல் போய்விடும், பாட்டின் குணம் கொஞ்சம் மாறும். கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் பாட்டு 110-ஐத் தாண்டி ஓடும்போது கைவசம் இருக்க வேண்டிய பதிப்பு இது. அதற்கும் பயமாக இருந்தால் முதல் இரண்டு பீட்டுக்கு வழக்கமான தாளத்தையே ஓட்டி, கடைசி இரண்டு பீட்டில் மட்டும் ஃபில் போடுங்கள். பாட்டில் ஓட்டை விழாது.

எந்த வழியிலும் ஒவ்வொரு பீட்டின் முதல் அடிக்கு மட்டும் அழுத்தம். அதற்கு ஸ்டிக் முனை எட்டு அங்குலம் எழட்டும், மற்றவற்றுக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும். எல்லா அடியையும் ஒரே உயரத்திலிருந்து அடிப்பதால்தான் இரண்டாவது பீட்டிலேயே முன்கை இறுகிவிடுகிறது.

பயிற்சியை வாயிலிருந்து தொடங்குங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ‘தகிட தகிட’வை மூன்று பீட்டுக்குச் சொல்லி, நாலாவதில் ‘தகிட தக’ என்று நிறுத்தி, ஒரு எண்ணிக்கை விட்டு ‘தாம்’ என்று இறங்கிப் பாருங்கள். வாயில் தடுக்குவது கையில் ஒருநாளும் வராது. பிறகு கிட்டில் 60 டெம்போ. எட்டுத் தடவை தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் நாலு கூட்டுங்கள், இரண்டு தடவை பிசகினால் நாலு குறையுங்கள். ஃபில்லை மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி வாசிக்காதீர்கள். மூன்று பார் தாளம், ஒரு பார் ஃபில், மறுபடி தாளம் என்று வாசித்தால்தான் நுழைவும் இறக்கமும் பழகும். அடி குறைந்த ஃபில்லில் ஓடிவிடும் ஆபத்து அதிகம், வெற்றிடத்தைக் கை பொறுக்காமல் முந்திக்கொள்ளும். இடது காலால் ஹைஹேட்டை (மிதித்தால் மூடும் ஜோடித் தட்டு) பீட்டுக்கு ஒன்றாக மூடிக்கொண்டே இருந்தால் அது பிடித்து நிறுத்தும். போனைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். கிட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்காத தாமதம் அதில் கேட்கும். கச்சேரி டெம்போ 100 என்றால் 108 வரை நிதானமாக வரும் பதிப்பைத்தான் மேடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

பெடலையும் பாருங்கள். மிதித்த பிறகு பீட்டரை (தோலில் மோதும் பெடலின் சுத்தியல்) தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் அது திரும்பி வராது, அடுத்த அடி தாமதமாகும். ஸ்பிரிங் தொளதொளவென்றிருந்தாலும் இதே கதை. கச்சேரிக்கு முன் வாடகை கிட்டின் ஸ்பிரிங்கை உங்கள் காலுக்கு ஏற்றபடி திருகி, நட்டை இறுக்கிவிடுங்கள். பலகை மேடையில் பேஸ் டிரம் ஒவ்வொரு மிதிக்கும் முன்னே நகரும். பெடல் தள்ளிப்போன பிறகு எந்தச் சுலபப் பதிப்பும் உதவாது. ஒரு ஜமுக்காளத்தை விரித்து, கிட்டோடு உங்கள் ஸ்டூலும் அதன்மேலேயே இருக்கும்படி போடுங்கள். உங்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் வாசிக்கும் இடமும் பதிப்பைத் தீர்மானிக்கும். மாசி வீதி மாதிரி இரண்டு பக்கமும் கட்டடம் நிற்கும் தெருவில் மேடை போட்டால், பதினேழு பதினெட்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்பும் ஒலி ஏறக்குறைய 0.1 விநாடி கழித்து வந்து சேரும். அதுதான் உங்கள் ஃபில்லின் ஓர் அடி இடைவெளி! ஒவ்வோர் அடியும் முந்தின அடியின் எதிரொலியோடு கலந்து, ஆறும் ஒரே இரைச்சலாகிவிடும். அங்கே பீட்டுக்கு நாலு அடிப் பதிப்புதான் தெளிவாகக் கேட்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஊர் மந்தையில் திறந்தவெளி மேடை என்றால் இந்தத் தொல்லை குறைவு, ‘தகிட தகிட’ அழகாகப் போய்ச் சேரும். குழாய் ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருந்தால் கிக்கின் கனம் அதில் வரவே வராது. ஃப்ளோர் டாமைச் சேர்க்கும் முதல் வழிக்கு அங்கே மதிப்பு அதிகம்.

கடைசியாக, எலெக்ட்ரானிக் ரிதம் பேட் வாசிப்பவரிடமும் டோலக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ரெக்கார்டில் இருக்கும் அதே ஃபில்லைப் பேட்காரரும் டாம் சத்தத்தில் மேலே வாசித்தால் இருவர் அடியும் மில்லிவிநாடிக் கணக்கில் விலகி, ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும். நீங்கள் எளிமையாக்கிய வரிசை அவருடைய மூல வரிசையோடு மோதவும் செய்யும். அந்த ஒரு பாருக்கு அவரை ஷேக்கரை மட்டும் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். டோலக் முதல் இரண்டு பீட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஒத்திகையில் அந்த இடத்தை மட்டும் பாடகர் நுழைவோடு சேர்த்து நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கிராஷை நம்பித்தான் பாடகர் சரணத்தை எடுக்கிறார். எந்தப் பதிப்பை வாசிக்கப் போகிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.