ரீஃபண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல பறந்துடுங்க

பாலக்கோடு நண்பருக்கு வணக்கம். நோ மேன்ஸ் ஸ்கைங்கிற விண்வெளி வீடியோ கேமை ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரத்துல கொதிக்கிற கிரகத்துலயே மூணு தடவை செத்துட்டேன், கப்பல் கிளம்பவே இல்ல, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில ரீஃபண்ட் கேட்கட்டுமான்னு எழுதியிருந்தீங்க.

நீங்க சாகுறதுக்குக் காரணம் சோடியம் இல்லாததுதான். முதல்ல பாறையை உடைச்சு ஃபெரைட்ங்கிற தூளை எடுத்து ஸ்கேனரைச் சரிபண்ணுங்க. அப்புறம் மஞ்சப் பூச்செடி கண்ணுல பட்டா விடாம பறிங்க, அதுதான் சோடியம். உடுப்போட வெப்பப் பாதுகாப்புக்கு அதைப் போட்டா மறுபடி ஏறிடும். செவப்புச் செடி ஆக்சிஜனுக்கு. புயல் அடிச்சா வெளிய ஓடாதீங்க, குகை இருந்தா நுழைஞ்சுடுங்க. நம்ம பக்கம் கரண்ட் போறது தெரிஞ்சதுதானே, கப்பல்ல ஏறி இறங்கினாலே சேவ் ஆயிடும், அதைப் பழக்கமா வெச்சுக்கோங்க.

நான் கிருஷ்ணகிரியில ராத்திரி ரெண்டு மணிக்கு முதல்தடவை கப்பலை மேல தூக்கினேன். லோடிங் திரையே வரல. நான் செத்து விழுந்த கரடு சின்னதாச்சு, மேகம் கிழிஞ்சுது, நீலம் கருப்பாச்சு. திரும்பிப் பார்த்தா அந்தக் கிரகம் உருண்டையா நிக்குது. உடம்பு சிலிர்த்துப் போச்சு. இப்படி 2-ன் 64-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1.84 லட்சம் கோடி கோடி கிரகம். போகப்போக பல கிரகம் ஒரே சாயல்ல தெரியும், அது உண்மைதான்.

வாங்கி 14 நாளைக்குள்ள, ஆடினது 2 மணி நேரத்துக்குக் கம்மின்னா ரீஃபண்ட் கிடைக்கும். உங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள கப்பலைக் கிளப்பிப் பார்த்துட்டு எழுதுங்க.